கேட்கத் தெரிந்தால்தான் கற்க முடியும்: பிள்ளைகளுக்கு ஆங்கில வினா வாக்கியங்களைக் கற்றுக்கொடுப்பது எப்படி?

பத்தாண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் நம் வீடுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாடப்புத்தகத்தைத் தடையில்லாமல் வாசிப்பார்கள். யாராவது கேள்வி கேட்டால் ஓரளவு பதிலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் தாமாக ஒரு கேள்வி கேட்க வேண்டிய இடம் வந்தால் வாயடைத்துப் போகிறார்கள். கல்லூரியில் பேராசிரியர் "எனி டவுட்ஸ்?" என்று கேட்கும்போது வகுப்பே அமைதியாக இருக்கிறது. சந்தேகம் இல்லாததால் வந்த அமைதி அல்ல அது. கேட்கும் வாக்கியம் நாவில் வராததால் வந்த அமைதி.

இந்த அமைதிக்கு நாம் பெரிய விலை கொடுக்கிறோம். வளைகுடா வேலைக்குச் செல்லும் இளைஞர் ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறார். சம்பளம் எந்தத் தேதியில் வரும், விடுப்பு எத்தனை நாள், தங்குமிடத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டுத் தெளிந்துகொள்ளாமலேயே போடுகிறார். வெளியூர் மருத்துவமனையில் உம்மாவுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா எப்போது கொடுப்பது என்று கேட்கத் தயங்கிப் பிள்ளை திரும்பி வருகிறது. பதில் சொல்லத் தெரியாதவருக்கு மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். கேட்கத் தெரியாதவருக்கோ உரிமையே கைவிட்டுப் போகலாம்.

ஆகவே ஆங்கில வினா வாக்கியத்தை இலக்கணப் புத்தகத்தின் ஒரு பக்கமாக மட்டும் பார்க்காமல், அது ஏன் நம் பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கிறது, எந்த வரிசையில் அது படிகிறது, வீட்டில் நாம் என்ன செய்யலாம் என்று இங்கே பார்ப்போம்.

தமிழ் எப்படிக் கேட்கிறது?

தமிழில் கேள்வி கேட்பது மிக எளிது. ஒரு வாக்கியத்தின் ஈற்றில் 'ஆ' சேர்த்தால் போதும். "வாப்பா வந்தார்" என்பது "வாப்பா வந்தாரா?" ஆகிவிடும். சொற்கள் இடம் மாறுவதில்லை, புதிய சொல்லும் வருவதில்லை. எதைப் பற்றிக் கேட்கிறோமோ அந்தச் சொல்லோடு 'ஆ'வைச் சேர்க்கலாம். "நீயா நேற்று வந்தாய்?", "நீ நேற்றா வந்தாய்?", "நீ நேற்று வந்தாயா?" என்ற மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகள்.

எங்கே, எப்போது, ஏன், எப்படி போன்ற சொற்களும் தமிழில் இருந்த இடத்திலேயே இருக்கும. "நீ கடைக்குப் போகிறாய்" என்பதில் 'கடைக்கு' இருந்த இடத்தில் 'எங்கே' வைத்தால் "நீ எங்கே போகிறாய்?" என்று கேள்வி முடிந்துவிடுகிறது.

இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வரும் பிள்ளை "யூ ஆர் கோயிங் வேர்?" என்றோ "வேர் யூ ஆர் கோயிங்?" என்றோ கேட்பதில் வியப்பில்லை. அது சோம்பலோ அறிவுக் குறைவோ அல்ல. தாய்மொழியின் வழியைப் பிள்ளை ஆங்கிலத்திலும் பின்பற்றிப் பார்க்கிறது.

ஆங்கிலம் எப்படிக் கேட்கிறது?

ஆங்கிலத்தில் கேள்விக்கு அடையாளம் வரிசை மாற்றம். "ஹி இஸ் அட் ஹோம்" என்பது செய்தி, "இஸ் ஹி அட் ஹோம்?" என்பது கேள்வி. இஸ், ஆர், வாஸ், கேன், வில், ஹேவ் போன்ற துணைச் சொற்கள் எழுவாயைத் தாண்டி முன்னே வந்து நிற்கும்.

துணைச் சொல் இல்லாத வாக்கியத்தில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். "யூ லைக் டீ" என்பதில் முன்னே கொண்டுவர ஒன்றும் இல்லை. அதனால் ஆங்கிலம் 'டூ' என்ற சொல்லை வரவழைக்கிறது: "டூ யூ லைக் டீ?" இந்த 'டூ'வுக்குத் தனிப் பொருள் கிடையாது. ஆனால் அது ஒரு சுமையைத் தாங்குகிறது. காலத்தைக் காட்டும் பொறுப்பும், ஹி, ஷி, இட் வரும்போது ஏற்படும் மாற்றமும் அதன் தலையில் ஏறிவிடும். "ஹி வென்ட்" என்பதில் காலம் 'வென்ட்'டில் இருக்கிறது. "டிட் ஹி கோ?" என்று கேட்கும்போது காலம் 'டிட்'டுக்குப் போய்விட்டது, வினைச்சொல் வெறும் 'கோ'வாக நிற்கிறது.

"டிட் ஹி வென்ட்?", "டஸ் ஷி லைக்ஸ்?" என்று பிள்ளைகள் சொல்லும்போது ஒரே சுமையை இரண்டு பேர் தூக்குகிறார்கள். "ஒரு சுமைக்கு ஒரு ஆள் போதும்" என்று சொல்லிக்கொடுத்தால் சிறு பிள்ளைக்கும் புரியும்.

ஆங்கிலேயர்களும் எப்போதும் இப்படிக் கேட்டவர்கள் அல்லர். முற்காலத்தில் அவர்களும் வினைச்சொல்லையே முன்னே தள்ளி "நோ யூ ஹிம்?" என்ற அமைப்பில் கேட்டார்கள். 1400க்கும் 1700க்கும் இடைப்பட்ட காலத்தில்தான் 'டூ' மெல்ல மெல்ல உள்ளே வந்தது. ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆல்வார் எல்லெகோர்டு 1953இல் வெளியிட்ட நூலில் இந்த மாற்றத்தைப் பழைய நூல்களில் எண்ணிக் காட்டியிருக்கிறார். ஒரு மொழிக்கே இதில் நிலைகொள்ள நூற்றாண்டுகள் ஆகின என்றால், நம் பிள்ளைக்குச் சில ஆண்டுகள் ஆவதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அரபு படித்த பிள்ளைக்கு ஒரு சிறு உதவி

மதரஸாவில் அரபு இலக்கணம் தொட்ட பிள்ளைகளுக்கு 'ஹல்' தெரியும். வாக்கியத்தின் தலையில் 'ஹல்' வைத்தால் அது ஆம், இல்லை என்று பதில் கேட்கும் கேள்வியாகிவிடும். "டூ யூ லைக் டீ?" என்பதில் உள்ள 'டூ'வை 'ஹல்' போல நினைத்துக்கொள்ளச் சொல்வது தொடக்கத்தில் நல்ல வழி. கேள்விக்கான அடையாளம் முன்னே வரவேண்டும் என்பது உடனே மனதில் பதியும். 'அய்ன', 'மத்தா', 'கைஃப' போன்ற சொற்களும் அரபில் வாக்கியத்தின் முன்னே வருவதால், 'வேர்', 'வென்', 'ஹவ்' முன்னே வருவதும் அவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது.

ஆனால் இந்த ஒப்பீடு பாதி வழிதான் வரும். 'ஹல்' வாக்கியத்தின் முன் மாறாமல் நிற்கும். பின்னால் வரும் வரிசையும் அப்படியே இருக்கும். 'டூ' அப்படி அல்ல. 'ஹல்' என்று நினைத்தே பழகிய பிள்ளை "டூ யூ ஆர் எ டீச்சர்?" என்று கேட்டுவிடும். 'ஆர்' என்ற துணைச் சொல் ஏற்கெனவே அங்கே இருப்பதால் 'டூ'வுக்கு வேலையே இல்லை. ஆகவே ஒப்பிட்டுக் காட்டிய அன்றே வேறுபாட்டையும் காட்டிவிட வேண்டும்.

'யார்' என்ற கேள்வியில் ஒரு முடிச்சு

"ஹூ கேம்?" என்பது சரி; அதில் 'டிட்' இல்லை. "ஹூ டிட் யூ ஸீ?" என்பதும் சரி, அதில் 'டிட்' இருக்கிறது. ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். இதற்கு விடை தமிழிலேயே இருக்கிறது.

"யார் வந்தார்?" என்பதில் 'யார்' வேற்றுமை உருபு ஏற்காமல் நிற்கிறது. அவரே செயலைச் செய்தவர். அப்போது ஆங்கிலத்தில் 'டூ' தேவையில்லை. "நீ யாரைப் பார்த்தாய்?", "நீ யாருக்குக் கொடுத்தாய்?" என்பவற்றில் 'ஐ', 'கு' என்ற உருபுகள் சேர்ந்திருக்கின்றன. செயலைச் செய்தவர் 'நீ'. அப்போது துணைச் சொல் வேண்டும்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒன்று, "நீ என்ன வாங்கினாய்?" என்பதில் 'என்ன' உருபு இல்லாமலே வரும். ஆனாலும் வாங்கியவர் 'நீ' என்பதால் "வாட் டிட் யூ பை?" என்றுதான் கேட்க வேண்டும். மற்றொன்று, "யாருக்குத் தெரியும்?", "யாருக்கு வேண்டும்?" என்பவற்றில் 'கு' உருபு இருந்தாலும் ஆங்கிலத்தில் அவரே எழுவாய் ஆகிறார். அங்கே "ஹூ நோஸ்?", "ஹூ வாண்ட்ஸ்?" என்றே வரும்.

'எத்தனையாவது' என்ற நம் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இல்லை என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். "நீ வீட்டில் எத்தனையாவது பிள்ளை?" என்பதை "ஆர் யூ த ஃபர்ஸ்ட் சைல்ட் ஆர் த செகண்ட்?" என்பதுபோல் சுற்றித்தான் கேட்க முடியும். சொல்லுக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தால் கேள்வி வாயிலிருந்து வராது.

படிப்படியாகத்தான் வரும்

மன்ஃப்ரெட் பீனெமன், மால்கம் ஜான்ஸ்டன் ஆகியோர் ஆஸ்திரேலியாவில் ஆங்கிலம் கற்க வந்தவர்களை ஆராய்ந்து, ஆங்கில வினா வாக்கியம் ஆறு படிகளில் வளர்கிறது என்று 1980களில் எடுத்துக்காட்டினார்கள். தாய்மொழி எதுவானாலும் இந்த வரிசை பெரிதாக மாறுவதில்லை.

1. ஒற்றைச் சொல் அல்லது மனப்பாடமான தொடர்: "வாட்டர்?", "வாட்ஸ் யுவர் நேம்?"

2. சாதாரண வாக்கியத்தைக் குரல் உயர்த்திச் சொல்வது: "யூ ஆர் டயர்ட்?"

3. கேள்விச் சொல்லை முன்னே வைப்பது, ஆனால் வரிசை மாறாது: "வேர் த சில்ட்ரன் ஆர் ப்ளேயிங்?" 'டூ'வை முன்னே ஒட்டிவிடுவதும் இந்தப் படியில்தான் தொடங்குகிறது.

4. எளிய வரிசை மாற்றம்: "வேர் இஸ் த புக்?", "கேன் யூ கம்?"

5. கேள்விச் சொல்லும் துணைச் சொல்லும் சேர்ந்து சரியாக அமைவது: "வேர் டிட் யூ கோ?", "வாட் இஸ் ஹி டூயிங்?"

6. சிக்கலான கேள்விகள்: "ஒய் காண்ட் யூ கோ?", "கேன் யூ டெல் மீ வேர் ஹி இஸ்?"

ஆறாம் படியின் இரண்டாவது எடுத்துக்காட்டைப் பாருங்கள். கேள்விக்குள் அடங்கிய கேள்வி என்பதால் 'வேர் இஸ் ஹி' என்ற மாற்றம் அங்கே தேவையில்லை. "ஐ டோண்ட் நோ வேர் இஸ் ஹி" என்று நன்றாகப் படித்தவர்களும் சொல்வதைக் கேட்கிறோம். வரிசையை மாற்றப் பாடுபட்டுக் கற்றவர்கள், மாற்றக் கூடாத இடத்திலும் மாற்றிவிடுகிறார்கள்.

படிகளைத் தாண்டிக் குதிக்கவைக்க முடியாது என்பது பீனெமனின் முக்கியமான கருத்து. இரண்டாம் படியில் நிற்கும் பிள்ளைக்கு ஆறாம் படியைப் பாடமாக நடத்தினால் தேர்வுத் தாளில் எழுதும், பேச்சில் வராது. மூன்றாம் படியில் "வேர் யூ ஆர் கோயிங்?" என்று தவறாகக் கேட்கும் பிள்ளை உண்மையில் இரண்டாம் படியிலிருந்து ஏறி வந்திருக்கிறது. அந்தத் தவறு முன்னேற்றத்தின் அடையாளம்.

அதேசமயம் தாய்மொழியும் ஓரிடத்தில் தடுத்து நிறுத்தலாம். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பிரெஞ்சு பேசும் பிள்ளைகளை நீனா ஸ்படா, பாட்சி லைட்பவுன் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் வெளிவந்த ஆய்வில் கவனித்தார்கள். 'யூ', 'ஹி' போன்ற பிரதிப்பெயர் வந்தால் வரிசை மாற்றத்தை ஏற்ற பிள்ளைகள், பெயர்ச்சொல் வந்தால் அதை ஏற்கத் தயங்கினார்கள். பிரெஞ்சு மொழியின் வழக்கம் அது. இத்தகைய இடங்களில் இரு மொழிகளையும் பக்கத்தில் வைத்து வெளிப்படையாக விளக்குவது நல்லது. நாம் மேலே தமிழையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டதும் அதற்காகவே.

எதிர்மறைக் கேள்விக்குப் பதில்

"நீ சாப்பிடவில்லையா?" என்று கேட்டால், சாப்பிடாத பிள்ளை தமிழில் "ஆமாம், சாப்பிடவில்லை" என்று சொல்லலாம். கேட்டவர் நினைத்தது சரி என்பதே அந்த 'ஆமாம்'. ஆங்கிலம் கேட்டவரின் நினைப்பைப் பார்ப்பதில்லை, நடந்ததைப் பார்க்கிறது. சாப்பிடவில்லை என்றால் "நோ, ஐ டிடிண்ட்". சாப்பிட்டிருந்தால் "யெஸ், ஐ டிட்". "டிடிண்ட் யூ ஸைன் த பேப்பர்?" என்று அலுவலகத்தில் கேட்கும்போது, கையெழுத்துப் போடாதவர் "யெஸ்" என்று சொன்னால் பொருள் தலைகீழாகிவிடும்.

எதிர்மறைக் கேள்வியை மறுத்து "ஏன் இல்லை, ஆம்" என்று சொல்ல அரபில் 'பலா' என்ற தனிச்சொல் இருக்கிறது. அல் அஃராஃப் அத்தியாயத்தின் 172ஆம் வசனத்தை ஓதும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் பழக்கமானது. எதிர்மறைக் கேள்விக்குப் பதில் சொல்வதில் மொழிக்கு மொழி தனி முறை உண்டு என்பதை அதைக்கொண்டே விளக்கலாம்.

வாக்கியத்தின் ஈற்றில் வரும் 'இல்லையா', 'அல்லவா' பற்றியும் ஒரு சொல். தமிழில் அது எல்லா வாக்கியத்துக்கும் பொதுவானது. அதனால்தான் நாம் எல்லாவற்றுக்கும் "இஸிண்ட் இட்?" போடுகிறோம். பாடநூல் ஆங்கிலத்தில் அது வாக்கியத்தைப் பொறுத்து மாறும்: "யூ கேம், டிடிண்ட் யூ?", "ஷி கேன் ஸ்விம், காண்ட் ஷி?" ஆறாம் படிக்கு உரியது இது. சிறு பிள்ளைகளிடம் இதற்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

அறிவினாவும் அறியாவினாவும்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அதில் முதலிரண்டு அறிவினா, அறியாவினா. விடை தெரிந்தே கேட்பது அறிவினா. தெரியாமல் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா.

இதே பிரிவினையை இன்றைய கல்வி ஆய்வும் எடுத்துப் பேசுகிறது. மைக்கேல் லாங், சார்லீன் சாடோ ஆகியோர் 1983இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில ஆசிரியர்கள் வகுப்பில் கேட்பவை பெரும்பாலும் விடை தெரிந்த கேள்விகளே என்று கண்டார்கள். வகுப்புக்கு வெளியே மனிதர்கள் ஒருவரையொருவர் அப்படிக் கேட்பது அரிது.

நம் பள்ளிகளிலும் கேட்பவர் ஆசிரியர், சொல்பவர் மாணவர். மாணவர் கேள்வி 'அமைக்கும்' ஒரே இடம், கொடுத்த வாக்கியத்தை வினா வாக்கியமாக மாற்றும் பயிற்சி. அதிலும் விடை கண்ணெதிரே இருக்கிறது. தெரிந்துகொள்ளும் ஆவலோடு ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்க வாய்ப்பே இல்லாமல் பள்ளி வாழ்க்கை முடிகிறது. அலிசன் மாக்கே 1999இல் வெளியிட்ட ஆய்வு, உரையாடலில் தாமே பங்கெடுத்துக் கேட்டவர்களின் வினா அமைப்பு வளர்ந்தது என்று காட்டியது. பிறர் பேசுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர்களுக்கு அந்த அளவு பலன் கிடைக்கவில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

பைக்குள் என்ன? ஒரு பொருளைப் பைக்குள் மறைத்து வையுங்கள். பிள்ளைகள் ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகளைக் கேட்க வேண்டும். "இஸ் இட் ரவுண்ட்?", "கேன் வீ ஈட் இட்?", "டஸ் இட் ஹேவ் எ ஹேண்டில்?", "டிட் யூ பை இட் டுடே?" என்று இஸ், கேன், டஸ், டிட் எல்லாம் தாமாக வந்துவிடும்.

இரண்டு தாள்: ஒரே பேருந்து நேர அட்டவணையை இரண்டு தாளில் எழுதி, ஒன்றில் சில நேரங்களையும் மற்றதில் வேறு சில நேரங்களையும் விட்டுவிடுங்கள். அண்ணனும் தங்கையும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் கேட்டு நிரப்பட்டும். "வென் டஸ் த பஸ் லீவ்?" என்று பத்து முறை கேட்டாலும் சலிக்காது, ஒவ்வொரு முறையும் கிடைப்பது புதிய விடை.

பெரியவர் பேட்டி: வீட்டுப் பெரியவரிடம் அவருடைய இளமைக் காலத்தைப் பற்றிப் பத்துக் கேள்விகள். ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் கேட்க, இன்னொன்று தமிழாக்கிச் சொல்ல, பெரியவர் தமிழில் பதில் சொல்லட்டும். 'டிட்' என்ற சொல் பழக இதைவிட நல்ல வழி குறைவு.

பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம். கேள்வியைத் தமிழில் சொல்லுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் எழுதட்டும். பிறகு மூன்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். துணைச் சொல் முன்னே இருக்கிறதா? அதற்கு அடுத்து ஆள் இருக்கிறாரா? காலம் ஒரே இடத்தில் மட்டும் இருக்கிறதா? 'யார் வந்தார்' வகைக் கேள்விகள் தவிர மற்றவற்றுக்கு இந்தச் சோதனை பெரும்பாலும் போதும்.

திருத்துவது எப்படி?

"வேர் யூ ஆர் கோயிங்?" என்று பிள்ளை கேட்டால் சிரிக்காதீர்கள், விருந்தினர் முன் திருத்தாதீர்கள். "வேர் ஆம் ஐ கோயிங்? டு த ஷாப்" என்று சரியான வடிவத்தைச் சொல்லியே பதில் கொடுக்கலாம். ஆனால் இது மட்டும் போதாது. ராய் லைஸ்டர், லீலா ரான்டா ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் மிகுதியாகக் கையாண்ட முறை இதுதான் என்றும், மாணவர்கள் தம்மைத் திருத்திக்கொண்டது இதில் குறைவு என்றும் தெரிந்தது. ஆகவே சில வேளைகளில் "இன்னொரு முறை சொல்" என்று கேட்டு, பிள்ளையே திருத்திக்கொள்ள இடம் கொடுங்கள்.

முதலில் நாவில் இருக்க வேண்டியவை

படிப்படியாக வளரட்டும் என்றாலும் தேவை காத்திருக்காது. அதனால் சில கேள்விகளை மட்டும் இலக்கணம் பார்க்காமல் இப்போதே மனப்பாடமாக்கிவிடுங்கள்.

"குட் யூ ரிபீட் தட், ப்ளீஸ்?" - தயவுசெய்து மீண்டும் சொல்கிறீர்களா?

"வாட் டஸ் திஸ் வேர்ட் மீன்?" - இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

"ஹவ் மெனி டைம்ஸ் எ டே ஷுட் ஷி டேக் திஸ்?" - இதை அவர் ஒரு நாளைக்கு எத்தனை முறை சாப்பிட வேண்டும்?

"வென் வில் ஐ கெட் மை ஸாலரி?" - என் சம்பளம் எப்போது கிடைக்கும்?

"மே ஐ ஹேவ் எ காப்பி ஆஃப் திஸ் பேப்பர்?" - இந்தத் தாளின் நகல் ஒன்று தருகிறீர்களா?

இந்த ஐந்தையும் தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். வாரத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டால் ஐந்து வாரத்தில் முடிந்துவிடும். பிள்ளைக்கு மட்டும் அல்ல, வெளியூர் போகவிருக்கும் அண்ணனுக்கும், மருத்துவமனைக்கு உடன் செல்லும் அக்காவுக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி, மாத்திரை வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கும் துணிவு வந்துவிட்டால், மீதி இலக்கணத்தை வகுப்பில் கற்றுக்கொள்ளலாம்.